‘இழப்பு’ என்று சொல்லலாம், ‘ஈடு’ என்று சொல்லக்கூடாது: காலநிலை இழப்பு நிதியம் பிறந்த கதை

2015 மார்ச் 13ஆம் தேதி இரவு பாம் புயல் வனுவாட்டுவைத் தாக்கியபோது அந்த நாட்டின் அதிபர் பால்ட்வின் லான்ஸ்டேல் நாட்டில் இல்லை. ஜப்பானின் செண்டாய் நகரத்தில் இருந்தார். பேரிடர் அபாயத்தைக் குறைப்பது எப்படி என்று பேச ஐ.நா. கூட்டிய மாநாட்டுக்குப் போயிருந்தார். ஊரில் தொலைபேசிக் கோபுரங்கள் விழுந்துகிடந்தன; சொந்தக் குடும்பத்தோடு பேசக்கூட அவருக்கு வழியில்லை. கலங்கிய குரலில் உலகத்திடம் உதவி கேட்டுவிட்டு நாடு திரும்பினார்.

வனுவாட்டு பசிபிக் கடலில் 80க்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக்கிடக்கும் நாடு. மொத்த மக்கள்தொகை மூன்று லட்சத்தைக்கூட அப்போது எட்டவில்லை. புயல் ஓய்ந்ததும் சேதத்தைக் கணக்கிட்டார்கள்: சுமார் 45 கோடி டாலர். அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 64 சதவீதம். பத்து மாதம் உழைத்துச் சேர்த்ததில் ஆறு மாதத்துக்கு மேலான உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த நாட்டை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படி ஒரு நாள் வரும், அன்றைக்கு யார் பணம் கொடுப்பது என்று இப்போதே பேசி முடிப்போம் என்று உலக நாடுகளிடம் வனுவாட்டு கேட்டது 1991இல். பாம் புயலுக்கு 24 ஆண்டுகள் முன்பு. அந்தக் கேள்வி அதற்கப்புறம் எந்தெந்த மேசைக்குப் போனது, எந்தெந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டது, கடைசியில் எந்த உருவத்தில் திரும்பி வந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

1991: ஒரு சூத்திரம்

அப்போது காலநிலை ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. 1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வரவிருந்த ஐ.நா. ஒப்பந்தத்தின் வரைவை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1990இல் ஜெனீவாவில், கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்கப்போகிற நாடுகள் சேர்ந்து சிறு தீவு நாடுகளின் கூட்டணியை உருவாக்கியிருந்தன. அதன் முதல் தலைவர், ஐ.நா.வில் வனுவாட்டுவின் தூதராக இருந்த ராபர்ட் வான் லீராப். கூட்டணியின் சார்பில் வனுவாட்டு ஒரு காப்பீட்டுத் திட்டத்தை வரைவுக் குழுவின் முன்வைத்தது.

கடல் உயர்ந்து நிலம் போனால், குடிநீர் உப்பானால், அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு பொது நிதி வேண்டும். அதற்கான பிரீமியத்தைத் தொழில்வள நாடுகள் கட்ட வேண்டும். யார் எவ்வளவு? அதற்கும் சூத்திரம் இருந்தது: பாதித் தொகை அந்த நாட்டின் தேசிய வருமானத்தை வைத்து, மறு பாதி அது வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை வைத்து. வசதியும் பொறுப்பும் சரிபாதி. இந்த யோசனை அந்தரத்தில் பிறந்தது அல்ல. அணு உலை விபத்து நடந்தால் பக்கத்து நாடுகளுக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று ஐரோப்பிய நாடுகள் 1963இல் தங்களுக்குள் போட்டுக்கொண்ட உடன்படிக்கையில் இதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது. பாதி வருமானம், பாதி உலைகளின் திறன். நீங்கள் உங்களுக்குள் ஏற்றுக்கொண்ட முறைதானே, அதையே எங்களுக்கும் செய்யுங்கள் என்றுதான் தீவுகள் கேட்டன.

அந்தத் திட்டம் ஏற்கப்படவில்லை. 1992 ஒப்பந்தத்தில் ‘காப்பீடு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும், பரிசீலிக்க வேண்டிய விஷயங்களில் ஒன்றாக மிஞ்சியது. ஆனால் பிஜி, நவுரு, துவாலு, கிரிபாட்டி போன்ற நாடுகள் அந்த ஒப்பந்தத்தில் சேரும்போது ஒரு குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தன: இதில் கையெழுத்திடுவதால், காலநிலை மாற்றத்தின் கேடுகளுக்கு யார் பொறுப்பு என்பது பற்றி சர்வதேசச் சட்டம் எங்களுக்குத் தரும் எந்த உரிமையையும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் குறிப்பு முப்பது ஆண்டுகள் கோப்பில் தூங்கியது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

இதைத் தமிழில் யோசித்தால் சிக்கல் சட்டென்று பிடிபடும். இழப்பு வேறு, இழப்பீடு வேறு. நடுவில் இருப்பது ‘ஈடு’ என்ற ஒரே சொல். இழப்பு என்றால் போனது. ஈடு சேர்ந்தால், போனதற்குச் சமமாக வர வேண்டியது. வயல் மூழ்கிய விவசாயிக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிவாரணம் என்பது அரசு பார்த்து அறிவிப்பது. எவ்வளவு என்று அரசுதான் சொல்லும். இழப்பீடு என்பது உரிமையாகக் கேட்டு வாங்குவது. எவ்வளவு போனதோ அதை வைத்துக் கணக்கு. காலநிலைப் பேச்சுவார்த்தையில் பணக்கார நாடுகள் முப்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல ‘இழப்பு’ என்ற சொல்லுக்கு ஒப்புக்கொண்டன. ‘ஈடு’ என்ற சொல்லை மட்டும் கடைசிவரை உள்ளே விடவில்லை.

அவர்கள் பயத்திலும் ஒரு தர்க்கம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. பொறுப்பை ஒரு முறை எழுத்தில் ஏற்றால் அதற்கு எல்லை எங்கே? நூற்றைம்பது ஆண்டுப் புகைக்கு யார் யாரிடம் கேட்பது? அமெரிக்க நாடாளுமன்றம் அப்படி ஒரு ஒப்பந்தத்தை ஒருநாளும் ஏற்காது என்று அந்நாட்டுப் பிரதிநிதிகள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அது உண்மையும்கூட. ஆனால் ஈட்டோடு சேர்ந்து இன்னொன்றும் வெளியே போனதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வனுவாட்டுவின் திட்டத்தில் உயிர்நாடியாக இருந்தது பழி இல்லை, கணக்கு. யார், எதை வைத்து, எவ்வளவு என்ற கணக்கு. ஈடு போனபோது அதுவும் போய்விட்டது.

வார்சா, பாரிஸ்

‘இழப்பும் சேதமும்’ என்ற சொற்றொடர், 1992 ஒப்பந்த நாடுகள் ஆண்டுதோறும் கூடும் காலநிலை மாநாட்டின் முடிவு ஒன்றில் முதன்முதலாக எழுத்தில் வந்தது 2007இல், பாலியில். 2010இல் மெக்சிகோவின் கான்கூனில் அதற்கென ஒரு பணித்திட்டம். இந்த ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பெரிதாக ஒன்றும் நகரவில்லை.

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸை அடித்தது. அங்கே அதற்கு யோலாண்டா என்று பெயர். 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மூன்றே நாளில் வார்சா மாநாடு தொடங்கியது. பிலிப்பைன்ஸின் பிரதிநிதி யெப் சான்யோ மேடையில் பேசினார். அவருடைய சகோதரர் புயல் அடித்த ஊரில் உயிர் பிழைத்திருந்தார். இரண்டு நாளாகத் தன் கைகளாலேயே பிணங்களைத் தூக்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார், பசியோடும் களைப்போடும், என்று சான்யோ சொன்னார். உருப்படியான முடிவு கண்ணில் படும்வரை மாநாட்டில் சாப்பிடப் போவதில்லை என்றும் அறிவித்தார். அவரோடு வேறு பலரும் உண்ணாமல் இருந்தார்கள்.

அந்த மாநாட்டின் கடைசிச் சண்டை ஒரு சின்னச் சொல்லைப் பற்றியது. ‘கீழ்’ என்ற சொல். இழப்புக்கான புதிய அமைப்பு, தகவமைப்புக்கான கான்கூன் ஏற்பாட்டின் ‘கீழ்’ வரும் என்று வரைவில் இருந்தது. தகவமைப்பு என்றால் கரையை உயர்த்துவது, வீட்டைப் பலப்படுத்துவது, வேறு பயிருக்கு மாறுவது. கரையே போய்விட்டவனுக்கு எதைத் தகவமைப்பது? அதனால் அந்தச் சொல்லை எடுங்கள் என்று வளரும் நாடுகள் கேட்டன. இழப்பைத் தனி வகையாக ஒப்புக்கொண்டால் நாளைக்குத் தனிக் கணக்கு கேட்பார்கள் என்பது மறுபக்கத்தின் கவலை. நிறைவு அமர்வை நிறுத்திவிட்டு, மண்டபத்தின் நடுவிலேயே பிரதிநிதிகள் வட்டமாக நின்று பேசினார்கள். சொல் அப்படியே இருந்தது. பதிலுக்கு, சில நேரங்களில் இழப்பு என்பது தகவமைப்பால் குறைக்கக்கூடியதையும் தாண்டியது என்று முன்னுரையில் ஒரு வரி சேர்ந்தது. சில ஆண்டுகளில் மறுபரிசீலனை என்ற வாக்குறுதியும். வார்சா பொறிமுறை பிறந்தது. ஆய்வு செய்யும், பேசும், ஒருங்கிணைக்கும். அதற்கென்று பணம் கிடையாது.

2015 டிசம்பரில் பாரிஸ். தீவு நாடுகளுக்கு அங்கே பெரிய வெற்றி கிடைத்தது: ஒப்பந்தத்தின் 8ஆவது பிரிவு இழப்புக்கும் சேதத்துக்கும் மட்டுமே உரியது. தகவமைப்பு 7ஆவது பிரிவு. ‘கீழ்’ போய்விட்டது. வெப்பத்தை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் முயற்சி என்ற வரியும் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தத்தோடு சேர்ந்த மாநாட்டு முடிவில் பத்தி 51 என்று ஒன்று வந்தது: 8ஆவது பிரிவு எந்தச் சட்டப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை ஆகாது.

இந்தப் பேரத்தைத் தீவுகள் ஏற்றிருக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்கு அந்த வரியை ஏற்காவிட்டால் 8ஆவது பிரிவே இருந்திருக்காது, அது இல்லாமல் அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது. ஆனால் கொடுத்த விலை சாதாரண விலை இல்லை.

ஷார்ம் அல்-ஷேக்: ஒரு ஞாயிறு விடியற்காலை

2021 கிளாஸ்கோவில் வளரும் நாடுகள் அனைத்தும் சேர்ந்து, நிதி வழங்கும் ஓர் அமைப்பைக் கேட்டன. துவாலுவின் வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே, முழங்கால் அளவு கடல்நீரில் நின்று பேசிய காணொளியை மாநாட்டுக்கு அனுப்பினார். ஒரு காலத்தில் தரையாக இருந்த இடம் அது. கிடைத்தது ‘கிளாஸ்கோ உரையாடல்’. 2024 வரை பேசலாம். ஒரு நல்லது நடந்தது: ஸ்காட்லாந்து தன் பங்காக 20 லட்சம் பவுண்டு அறிவித்தது. தொகை சிறிது. ஆனால் இழப்புக்கென்று சொல்லி ஒரு பணக்கார நாட்டு அரசு பணம் எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் வெள்ளம். 3.3 கோடி மக்கள் பாதிக்கப்பட்டார்கள், 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிந்து மாகாணத்தில் மாதக்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. பயிர், வீடு, சாலை, வேலை என்று எல்லாம் சேர்த்து இழப்பு 3,000 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். உலகம் வெளியிடும் கரியில் பாகிஸ்தானின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஆண்டு ஜி-77 குழுவின் தலைமை பாகிஸ்தானிடம் இருந்தது தற்செயல்தான். ஆனால் 130க்கு மேற்பட்ட வளரும் நாடுகளுக்காகப் பேசுகிறவர் தன் வீட்டுக்குள் தண்ணீரோடு வந்து பேசினால், அது வேறு பேச்சு. பாகிஸ்தானின் அமைச்சர் ஷெர்ரி ரஹ்மான், எங்கள் நாட்டில் நடப்பது எங்கள் நாட்டோடு நிற்காது என்று போன இடமெல்லாம் சொன்னார்.

நவம்பர் 6 அன்று எகிப்தின் ஷார்ம் அல்-ஷேக்கில் மாநாடு தொடங்குவதற்கு முன்பே, இரவெல்லாம் ஒரு பேரம். இழப்புக்கு நிதி என்பதை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதா, வேண்டாமா? வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு நிகழ்ச்சி நிரல் சின்ன விஷயமாகத் தெரியும். அப்படியில்லை. நிரலில் இல்லாத பொருளுக்கு அறை கிடைக்காது, நேரம் கிடைக்காது, முடிவும் கிடைக்காது. 31 ஆண்டுகளில் முதல் முறையாக அது நிரலில் ஏறியது. ஏறும்போதே, பொறுப்பு பற்றியோ இழப்பீடு பற்றியோ இங்கே பேச்சு இல்லை என்ற புரிதலோடுதான் என்று மாநாட்டுத் தலைவர் சமே ஷுக்ரி வாசித்தார்.

இரண்டு வாரம் ஐரோப்பாவும் அமெரிக்காவும் புதிய நிதியம் வேண்டாம் என்றன. இருக்கும் அமைப்புகளே போதும், புதிதாக ஒன்றை உருவாக்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பது வாதம். மாநாடு முடிய வேண்டியது 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய இரவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஃபிரான்ஸ் டிம்மர்மன்ஸ் நிலையை மாற்றினார்: நிதியம் சரி, ஆனால் மிகவும் பாதிக்கப்படக்கூடிய நாடுகளுக்கு மட்டும், பணம் போடுகிறவர்கள் வட்டமும் விரிய வேண்டும். 1992 ஒப்பந்தம் போட்ட பணக்கார நாடுகளின் பட்டியலில் சீனா இல்லை, வளைகுடா நாடுகள் இல்லை. முப்பது ஆண்டில் உலகம் மாறிவிட்டது, பட்டியல் மாறவில்லை. ஐரோப்பாவின் இந்தக் கேள்வி நியாயமானதுதான் என்று நினைக்கிறேன், கேட்ட நேரம் மட்டும் மிகத் தாமதம். இந்த நகர்வுக்குப் பிறகு அமெரிக்கா தனியாக நின்றது. அதன் தூதர் ஜான் கெர்ரிக்குக் கொரோனா. அறையில் இருந்தபடியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அமெரிக்காவும் இறங்கி வந்தது.

சனி முழுக்க வரைவுகள் வந்தன, திரும்பிப் போயின. உணவுக் கடைகள் மூடிவிட்டன. பிரதிநிதிகள் நாற்காலிகளில் தூங்கினார்கள். 20ஆம் தேதி ஞாயிறு விடியற்காலை நிறைவு அமர்வு கூடியது. ஷுக்ரி முடிவை வாசித்துச் சுத்தியலைத் தட்டினார். மண்டபம் எழுந்து கைதட்டியது. பாதிக்கப்படக்கூடிய வளரும் நாடுகளுக்கு இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் உண்டு. எவ்வளவு, யார், எப்படி என்பது அடுத்த ஆண்டு.

அந்தக் கைதட்டலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இரண்டு தலைமுறைப் பேச்சாளர்கள் அதற்காக உழைத்திருக்கிறார்கள். சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் உயிரோடு இல்லை.

நிதியத்துக்குள் என்ன வந்தது

எவ்வளவு, யார், எப்படி என்பதைத் தீர்க்க 24 பேர் குழு: 14 பேர் வளரும் நாடுகளில் இருந்து, 10 பேர் வளர்ந்த நாடுகளில் இருந்து. நான்கு கூட்டங்களில் முடிப்பதாகத் திட்டம். நான்காவது கூட்டம் 2023 அக்டோபரில் அஸ்வானில் உடைந்தது. நிதியத்தை உலக வங்கியில் வைக்க வேண்டும் என்றது அமெரிக்கா. கடன் கொடுத்துப் பழகிய, அமெரிக்கர்களே தலைமை வகிக்கும் இடத்தில் எங்கள் நிவாரணத்தை வைப்பதா என்றன வளரும் நாடுகள். நவம்பர் தொடக்கத்தில் அபுதாபியில் ஐந்தாவது கூட்டம் போட்டு, நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் உலக வங்கி, அதுவும் நிபந்தனைகளோடு என்று முடித்தார்கள். பணம் பற்றிய வரியில் வளர்ந்த நாடுகளை ‘வலியுறுத்துகிறது’, மற்றவர்களை ‘ஊக்குவிக்கிறது’ என்று இரண்டு வினைச்சொற்கள். வலியுறுத்தல்கூட அதிகம், எல்லாம் விருப்பத்தின்பேரில் என்று எழுதுங்கள் என்று அமெரிக்கா கடைசிவரை கேட்டது.

2023 நவம்பர் 30, துபாய் மாநாட்டின் முதல் நாளே நிதியம் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 10 கோடி டாலர், ஜெர்மனி 10 கோடி, ஜப்பான் 1 கோடி, அமெரிக்கா 1.75 கோடி. 1992 பட்டியலில் இல்லாத அமீரகம் ஜெர்மனிக்குச் சமமாகக் கொடுத்தது உண்மையிலேயே புதிய விஷயம். நிர்வாகக் குழுவுக்குப் பிலிப்பைன்ஸ் இடம் கொடுத்தது. செயல் இயக்குநராக செனகலைச் சேர்ந்த இப்ராஹிமா ஷேக் டியோங் வந்தார். 2025 மார்ச்சில் அமெரிக்கா நிர்வாகக் குழுவில் இருந்தே விலகிக்கொண்டது.

2025 நடுப்பகுதி வரை உலகம் முழுவதும் சேர்ந்து தருவதாக வாக்களித்த தொகை சுமார் 77 கோடி டாலர். பாகிஸ்தானின் ஒரே ஒரு வெள்ளத்தின் இழப்பு 3,000 கோடிக்கு மேல் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வெள்ளத்துக்காக 2023 ஜனவரியில் ஜெனீவாவில் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்களித்தார்கள். அதில் பெரும்பகுதி கடன். மூழ்கியவன் தலையில் வட்டியும் ஏறியது. 2025 ஏப்ரலில் பார்படோஸில் கூடிய நிர்வாகக் குழு, முதல் கட்டமாக 25 கோடி டாலரை மானியமாகக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது. கடன் இல்லை, மானியம். அது பெரிய ஆறுதல். குறைந்தது பாதி, சிறு தீவுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும். ஆனால் உலகத்துக்கே 25 கோடி. பாம் புயல் வனுவாட்டுவில் மட்டும் செய்த சேதம் 45 கோடி.

1991இன் சூத்திரம் இருந்திருந்தால் இது இப்படி இருந்திருக்காது. தொகை கூடியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். கட்டாத பாக்கி இவ்வளவு என்றாவது சொல்ல முடிந்திருக்கும். இன்றைக்கு யார் எவ்வளவு குறைவாகக் கொடுத்தார்கள் என்று சொல்லக்கூட அளவுகோல் இல்லை, ஏனென்றால் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று எங்கேயும் எழுதப்படவில்லை.

ஈடு வேறு வாசலில்

வனுவாட்டு அதற்குள் வேறு வழியில் போயிருந்தது. 2019இல் அதன் தலைநகர் போர்ட் விலாவில், தெற்கு பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், இதை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று கேட்டார்கள். வகுப்பில் எழுந்த யோசனை. வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்து நாடு நாடாக ஆதரவு தேடியது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச் சபை, காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன, மீறினால் விளைவு என்ன என்று நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாகக் கேட்டது.

2024 டிசம்பரில் ஹேக் நகரில் விசாரணை. முதலில் பேசியது வனுவாட்டு. அமெரிக்கா, சீனா, பிரிட்டன், சவூதி அரேபியா என்று பெரிய நாடுகள், காலநிலை ஒப்பந்தங்களே போதும், அதற்கு வெளியே புதிய கடமைகளைத் தேட வேண்டாம் என்ற திசையில் வாதாடின. இந்தியாவும் இந்தப் பக்கம்தான் நின்றது. மாநாடுகளில் வரலாற்றுப் பொறுப்பு பற்றி உரக்கப் பேசும் நம் நாடு இங்கே தீவுகளோடு நின்றிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள். ஒப்பந்தங்கள் மட்டுமே எல்லை அல்ல. வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமும், அதாவது ஒப்பந்தம் எழுதாமலே நாடுகள் கடமையாக ஏற்று நடக்கும் வழக்கமும், நாடுகளைக் கட்டுப்படுத்தும். கடமையை மீறுவது சர்வதேசச் சட்டப்படி தவறான செயல் ஆகலாம். அந்த மீறலுக்கும் சேதத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவினால் பரிகாரம் உண்டு, அதில் இழப்பீடும் அடங்கும். பாரிஸில் பத்தி 51 சாத்திய கதவு ஒரு கட்டடத்தின் கதவு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. 1992இல் பிஜியும் நவுருவும் துவாலுவும் கோப்பில் வைத்த அந்தக் குறிப்பு சொன்னதும் இதைத்தான். இந்தக் கருத்து யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் இனி நடக்கும் பேச்சுவார்த்தை எதிலும் ‘ஈடு’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் நிதியம் தன் முதல் விண்ணப்பங்களுக்கு அழைப்பு விடுத்தது. மாநாடு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளில் (வரிசை வீடுகளில்) வாழும் மலையகத் தமிழர்கள் பலர் வீட்டோடு எல்லாவற்றையும் இழந்தார்கள். அந்த நிலம் அவர்கள் பெயரில் இருந்ததும் இல்லை. நிதியத்தின் முதல் கட்ட விதிப்படி, ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 2 கோடி டாலர்.